அரியர் பேப்பரோடு பொறியியல் வேலை தேடும் சேலத்துப் பிள்ளைகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையானால் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு மூன்று பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். டிப்ளமாவைப் பாதியில் விட்டவர்கள், பி.இ. நான்கு வருஷமும் போய்விட்டு நாலு பேப்பர் பாக்கி வைத்திருப்பவர்கள், ஐ.டி.ஐ. படித்துவிட்டு மொபைல் கடையில் நிற்பவர்கள். நான் ஓமலூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்முகத்திலும் உட்காருகிறேன். நானும் மூன்று அரியரோடு வெளியே வந்தவன்தான். கேள்விகள் எப்போதும் ஒன்றேதான் என்பதால் பதில்களை எழுதி வைக்கிறேன்.

டிப்ளமா மெக்கானிக்கல்ல மூணு அரியர் இருக்குண்ணா. வேலை கேட்டுப் போனா உள்ள விடுவாங்களா?

விடுவார்கள். ஆனால் எல்லா வாசலிலும் இல்லை. ரயில்வேயில் ஜூனியர் இன்ஜினியர், டி.என்.பி.எஸ்.சி. டிப்ளமா நிலைத் தேர்வு, பொதுத்துறையில் நிரந்தர வேலை, இவற்றுக்கெல்லாம் டிப்ளமா முழுசாகக் கையில் இருக்க வேண்டும். அரியரை வைத்துக்கொண்டு அந்த விண்ணப்பங்களில் பணத்தையும் நாளையும் செலவழிக்காதீர்கள்.

நம் பக்கத்தில் வேறு வாசல்கள் நிறைய உண்டு. ஆத்தூர் வரைக்கும் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிப் பட்டறைகள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் இடங்கள். இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கம் விசைத்தறியும் அதையொட்டிப் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலைகளும். ஊருக்குள் எண்ணிக்கையில்லாத லேத்துப் பட்டறைகள். இங்கெல்லாம் முதல் கேள்வி "என்ன வேலை தெரியும்?" என்பதுதான். சேகோ ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டி இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பித்துவிடும். சீசனில் லாரிகள் வாசலில் நிற்கும்போது அரவை மோட்டார் நின்றுபோனால், பேரிங்கைக் கழற்றி மாட்டத் தெரிந்த பையனிடம் முதலாளி மார்க் ஷீட் கேட்க மாட்டார்.

ஒன்றே ஒன்று. அரியரை மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது "தேர்ச்சி" என்று எழுதினேன். ஐந்து வாரம் வேலை நன்றாகத்தான் போனது. ஆறாவது வாரம் அசல் சான்றிதழ் கேட்டார்கள். மேலாளர் என்னைத் திட்டவில்லை. "மூணு பேப்பர் பாக்கின்னு சொல்லியிருந்தா ஹெல்ப்பரா எடுத்திருப்பேன் தம்பி. இப்ப உன்னை எப்படி ஸ்டோர் சாவியை நம்பிக் கொடுக்க?" என்றார். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலேயே பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு எல்லா விண்ணப்பத்திலும் "மூன்று தாள்கள் பாக்கி, வரும் ஏப்ரலில் எழுதுகிறேன்" என்று நானே முதலில் எழுதினேன். அப்படி எழுதியதால் ஒரு வேலையும் போகவில்லை.

அனுபவமே இல்லையே, ரெஸ்யூமில் என்ன எழுதுவது?

போன மார்கழியில் ஏற்காட்டிலிருந்து, நாகலூர் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ரெஸ்யூமை நீட்டினான். "கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவன், குழுவாக வேலை செய்பவன்." அனுபவம் என்ற இடத்தில் "இல்லை".

"அறுப்பு நேரத்துல வீட்டுலயா இருந்த?" என்று கேட்டேன். அப்பா வேலை செய்யும் காபி எஸ்டேட்டில் பல்பர் பார்த்துக்கொள்வானாம். என்ன செய்வாய் என்று கிளறினேன். பல்பர் என்பது காபிப் பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரம். சுற்றும் உருளைக்கும் எதிரே நிற்கும் தகட்டுக்கும் இடையில் பழம் நசுங்கிக் கொட்டை வெளியே வரும். அந்த இடைவெளி குறைந்தால் கொட்டை வெட்டுப்படும், கூடினால் பழம் உரிபடாமல் முழுசாக வெளியேறும். சீசன் ஆரம்பத்தில் பழம் சிறுத்திருக்கும், நடுவில் பருத்து வரும். அதனால் சில நாளுக்கு ஒருமுறை இடைவெளியைத் திருத்த வேண்டும். இவன் ஒரு கை கொட்டையை அள்ளி எத்தனை வெட்டுப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்து போல்ட்டைத் திருகுவானாம். மோட்டார் பெல்ட் மாற்றியிருக்கிறான். தண்ணீர் பம்ப்பில் ஒழுகாமல் அடைக்கும் கிளாண்டு கயிறு மாற்றியிருக்கிறான். இரண்டு சீசன்!

இதற்குப் பெயர் அனுபவம் இல்லையா? அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: "காபி பல்பர் இடைவெளி சரிசெய்தல், பெல்ட் மாற்றுதல், பம்ப் கிளாண்டு பேக்கிங். இரண்டு அறுவடைக் காலம். எஸ்டேட் மேற்பார்வையாளரிடம் விசாரிக்கலாம்." கடின உழைப்பாளி என்ற வரியை அடித்துவிட்டோம். அது இந்த மூன்று வரியிலேயே தெரிகிறது.

உங்களிடமும் இப்படி ஏதாவது இருக்கும். வீட்டில் தறி ஓடினால், மாமா கொலுசுப் பட்டறை வைத்திருந்தால், கிணற்று மோட்டாரை நீங்களே இறக்கி ஏற்றியிருந்தால், அதை எழுதுங்கள். என்ன இயந்திரம், என்ன கோளாறு, என்ன செய்தீர்கள், எத்தனை நாள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி இன்றிலிருந்து தொட்ட வேலையை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். நேர்முகத்துக்கு அந்த நோட்டைக் கொண்டுவந்தவர்களை நான் மறந்ததே இல்லை.

நேர்முகத்தில் உண்மையில் என்னதான் கேட்பார்கள்?

எங்கள் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். மேஜை மேல் ஒரு சின்ன ஷாஃப்ட் (உருண்டையான இரும்புத் தண்டு), அளக்க ஒரு வெர்னியர், ஒரு மைக்ரோமீட்டர், ஒரு டிராயிங். டிராயிங்கில் 25 எச்6 என்றிருக்கும். "இது ஓகேவா, ரிஜெக்ட்டா?" அவ்வளவுதான் கேள்வி.

25 எச்6 என்றால் ஷாஃப்ட் 25.000 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, 24.987க்குக் கீழே இறங்கக் கூடாது. மொத்தமே 13 மைக்ரான், அதாவது 0.013 மி.மீ. இடம். சாதாரண வெர்னியர் 0.02 மி.மீ. வரைதான் படிக்கும், 13 மைக்ரானை அதை வைத்துத் தீர்மானிக்க முடியாது. 0.01 மைக்ரோமீட்டரிலும் கோட்டுக்கு நடுவே ஊகிக்க வேண்டியிருக்கும். அதனால் "சார், இதுக்கு 0.001 மைக்ரோமீட்டர் வேணும்" என்று ஒரு பையன் சொன்னால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.

பலர் வெர்னியரைத் தூக்கி "24.98 சார்" என்று சொல்லிவிடுவார்கள். போன வருஷம் ஒரு பையன் மைக்ரோமீட்டரை எடுத்தான். இரண்டு முகத்தையும் கர்சீப்பால் துடைத்தான். மூடிப் பார்த்து ஜீரோ சரியா என்று பார்த்தான். ஷாஃப்ட்டையும் துடைத்தான். மூன்று இடத்தில், திருப்பித் திருப்பி அளந்தான். அவன் ஐ.டி.ஐ. டர்னர், ஒரு பாடத்தில் தவறியிருந்தான். அவனைத்தான் எடுத்தோம்.

எலக்ட்ரிக்கல் பையன்களுக்கு மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் ஒன்றைத் திறந்து காட்டி, மோட்டார் ஸ்டாரிலேயே நிற்கிறது, டெல்டாவுக்கு மாறவில்லை, எதை முதலில் பார்ப்பாய் என்று கேட்போம். "டைமர்" என்று சொல்பவனுக்குப் பாதி மார்க். "முதல்ல மெயினை ஆஃப் பண்ணி லாக் போடுவேன்" என்று சொல்பவனுக்கு முழு மார்க்.

பத்தாவது முடிச்சுட்டு பாலிடெக்னிக் பாதியில விட்டுட்டேன். திரும்ப டிப்ளமாவா, ஐ.டி.ஐ.யா?

எத்தனை பேப்பர் பாக்கி என்பதைப் பொறுத்தது. நாலு, ஐந்து என்றால் எழுதி முடித்துவிடுங்கள். பழைய மாணவர்களுக்குச் சிறப்பு வாய்ப்பு அவ்வப்போது அறிவிப்பார்கள், கல்லூரி அலுவலகத்தில் சொல்லி வையுங்கள். அண்ணா பல்கலைக்கழகமே 2021இல் இருபது ஆண்டுப் பழைய அரியருக்குக்கூட ஒரு வாய்ப்பு கொடுத்தது. பி.இ. அரியர்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாடமே பிடிபடவில்லை, பதினைந்துக்கு மேல் பாக்கி என்றால் வெட்கப்படாமல் ஐ.டி.ஐ.க்குப் போங்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் இரண்டு வருஷம், வெல்டர் ஒரு வருஷம். அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நேராக டிப்ளமா இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமா முடித்தால் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டு. பாதை நீளம்தான், ஆனால் எங்கும் அறுபடவில்லை. பத்தாவதுக்குப் பிறகு இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவர்கள் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதி பிளஸ் டூவுக்கு இணையான சான்று வாங்கும் வழியும் 2022இல் வந்துவிட்டது.

ஐ.டி.ஐ. பக்கமே போகாமல் பட்டறையில் வளர்ந்தவர்களுக்கும் வழி உண்டு. மூன்று வருஷ அனுபவம் இருந்தால் தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாம். வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அறிவிப்பு வெளியிடும். கோரிமேடு அரசு ஐ.டி.ஐ.யில் போய் நேரில் கேளுங்கள்.

அப்ரண்டிஸ் என்று சொல்லி வேலை வாங்கிவிட்டு அனுப்பிவிடுவார்களாமே?

சில இடங்களில் நடக்கிறது. ஆனால் அவர்கள் அப்ரண்டிஸ் என்று சொல்வது பல நேரம் அப்ரண்டிஸே கிடையாது. கான்ட்ராக்டர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு "ட்ரெய்னி" என்று அழைப்பார்கள்.

உண்மையான அப்ரண்டிஸ் பயிற்சி 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். எடுத்தால் ஒப்பந்தம் அரசுப் போர்ட்டலில் பதிவாகும். அதனால் சேரும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சார், ஒப்பந்தம் போர்ட்டல்ல ஏறுமா? எனக்கு பதிவு எண் வருமா?" பதில் மழுப்பலாக வந்தால் அது அப்ரண்டிஸ் இல்லை. அப்படியும் சேரலாம், தெரிந்து சேருங்கள்.

உதவித்தொகைக்குக் கீழ்வரம்பு இருக்கிறது. 2019இல் திருத்திய விதியில் பட்டதாரிக்கு மாதம் 9,000, டிப்ளமாவுக்கு 8,000 ரூபாய் என்று இருந்தது. இன்றைய விதியில் உள்ளதற்குக் கீழே யாராவது பேசினால் விதியைக் காட்டுங்கள். டிப்ளமா முடியாதவர்கள் டிப்ளமா அப்ரண்டிஸாகச் சேர முடியாது. ஆனால் பத்தாம் வகுப்புச் சான்றை வைத்துத் தொழிற்பிரிவு அப்ரண்டிஸுக்கு விண்ணப்பிக்கலாம்.

ரயில்வேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். தெற்கு ரயில்வேயின் ஆக்ட் அப்ரண்டிஸ் (அந்தச் சட்டத்தின்கீழ் வரும் பயிற்சி) அறிவிப்பில் எழுத்துத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணையும் ஐ.டி.ஐ. மதிப்பெண்ணையும் வைத்துப் பட்டியல் போடுகிறார்கள். முடித்தவர்களுக்கு நிரந்தர வேலை உறுதி இல்லை. ஆனால் ரயில்வேயின் கடைநிலையான லெவல் 1 பணியிடங்களில் 20 சதவீதம் பயிற்சி முடித்த இவர்களுக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். லட்சக்கணக்கானவர்கள் மோதும் தேர்வில் இது சின்ன விஷயம் இல்லை. பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு இருபத்துநான்கு என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பி.இ. முடிக்க முடியுமா?

முடியும். நான் முடித்தேன், கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில், மாலை நேர வகுப்பில். டிப்ளமா முடித்தவர்களுக்கான பகுதி நேரப் படிப்பு, ஏழு செமஸ்டர். கவுன்சலிங் உண்டு. ஷிப்ட் முடித்து கிரீஸ் வாடையோடு போய் உட்காருவோம். பல நாள் தூக்கம் சொக்கும். வீட்டில் சொல்லிவிட்டுச் சேருங்கள், ஏனென்றால் மூன்றரை வருஷம் கல்யாணம், திருவிழா எதற்கும் உங்களால் சரியாகப் போக முடியாது. 2023-24 முதல் வேலை செய்பவர்களுக்கு வசதியான நேரத்தில் வகுப்பு நடத்த ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) மற்ற கல்லூரிகளுக்கும் அனுமதி கொடுக்கிறது. அதற்குக் குறைந்தது ஒரு வருஷ வேலை அனுபவம் வேண்டும்.

இந்த இடத்தில் நிறையப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். "வீட்டிலிருந்தே பி.இ., ஒரே வருஷத்தில் பட்டம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அனுமதி இல்லாமல் அஞ்சல் வழியில் கொடுத்த பொறியியல் பட்டங்களை உச்ச நீதிமன்றம் 2017 நவம்பரில் செல்லாது என்று சொல்லிவிட்டது. கல்லூரிக்குப் போகாமல் பொறியாளர் சங்கத்தின் தேர்வை எழுதி முடிக்கும் ஏ.எம்.ஐ.இ. நல்ல படிப்புதான், கடினமான தேர்வு. ஆனால் 2013 மே 31 வரை சேர்ந்தவர்களுக்குத்தான் மத்திய அரசு அதை பி.இ.க்கு இணையாக ஏற்கிறது. இன்று புதிதாகச் சேர்கிறவர் அரசு வேலைக்கென்று அதை நம்ப வேண்டாம்.

என்.டி.டி., கேட் (கணினியில் டிராயிங் போடுவது), குவாலிட்டி கோர்ஸ் எல்லாம் சேரலாமா?

முதலில் கற்றுக்கொள்ள ஓர் இயந்திரத்தின் பக்கத்தில் இடம் பிடியுங்கள், பிறகு கோர்ஸ். எந்த வேலை செய்கிறோம் என்று தெரிந்தால்தான் எந்தக் கோர்ஸ் வேண்டும் என்று தெரியும்.

என்.டி.டி. என்பது பொருளை உடைக்காமல் உள்ளே இருக்கும் குறையைக் கண்டுபிடிக்கும் சோதனை. அதன் லெவல் 2 சான்றிதழைச் சில நாளில் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பலர் பின்பற்றும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் சான்று தருவது நீங்கள் வேலை செய்யும் நிறுவனம். அதற்குப் பயிற்சி மணி நேரத்தோடு களத்தில் வேலை செய்த நேரமும் வேண்டும். பயிற்சி நிலையத்துக் காகிதம் மட்டும் இருந்தால் அல்ட்ராசானிக் கருவியின் முன்னால் கை நடுங்கும்.

இதற்கு மாறாக வெல்டிங்கில் கை ஏறினால் யாரும் காகிதம் கேட்பதில்லை, டெஸ்ட் பீஸ் கேட்பார்கள். குழாயை 45 டிகிரி சாய்த்து அசையாமல் பிடித்து, கீழிருந்து மேல்வரை சுற்றி வெல்டு போட வேண்டும். இதைத்தான் 6ஜி என்கிறார்கள். 7018 என்ற வெல்டிங் ராடைச் சூடேற்றாமல் ஈரத்தோடு எடுத்துப் போட்டால் ஹைட்ரஜன் புகுந்து பின்னால் விரிசல் விடும். ராடு எங்கே வைத்திருக்கிறது என்று கேட்கும் பையன் வேலை தெரிந்தவன் என்று அந்த நிமிஷமே புரிந்துவிடும்.

கேட் கற்றுக்கொள்ளுங்கள், நல்லது. ஆனால் டிராயிங் படிக்கத் தெரிந்த பிறகு.

நான் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ்) டிப்ளமா, பொண்ணு. ஷாப் ஃப்ளோர் வேண்டாம்னு வீட்டுல சொல்றாங்க.

அவர்கள் பயம் பெரும்பாலும் வேலையைப் பற்றி இல்லை தங்கச்சி, ராத்திரி ஷிப்ட் முடிந்து எப்படி வீடு வருவாய் என்பதைப் பற்றி. அதனால் நேர்முகத்திலேயே கேள்: ஷிப்ட் நேரம் என்ன, கம்பெனி வண்டி எங்கே வரை வரும், பெண்களுக்குத் தனி ஓய்வறை உண்டா. பதிலை அம்மாவிடம் அப்படியே சொல். எங்கள் இன்ஸ்ட்ருமென்டேஷன் பிரிவில் பிரஷர் டிரான்ஸ்மிட்டர் காலிபரேஷன் முழுவதையும் ஒரு பெண்தான் பார்க்கிறார். அவரும் இரண்டு அரியரோடு ஹெல்ப்பராக வந்தவர். இப்போது அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு மீட்டரும் லைனுக்குப் போகாது.

எலக்ட்ரிகல் வேலை பத்து வருஷமா செய்கிறேன், ஒரு பேப்பரும் இல்லை.

அரசின் மின் கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு உங்களுக்காகத்தான். ஐந்து வருஷ வயரிங் அனுபவமும் இருபத்தோரு வயதும் கேட்பார்கள். முதலில் அதை எழுதுங்கள்.

வளைகுடாவுக்குப் போனால் சீக்கிரம் சம்பாதிக்கலாமா?

இரண்டு வருஷம் இங்கே கை பழகிவிட்டுப் போங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று பாருங்கள், சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சம். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்து வையுங்கள்.

முதல் சம்பளம் குறைவாகச் சொல்கிறார்கள். ஒத்துக்கொள்ளலாமா?

தொகையைவிட முதலில் பி.எஃப். பிடிக்கிறார்களா என்று பாருங்கள். நாளைக்கு அந்தக் கம்பெனி மூடிவிட்டாலும், முதலாளி அனுபவச் சான்று தர மறுத்தாலும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை எங்கே வேலை செய்தீர்கள் என்பது உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். அடையாள எண்) கணக்கில் இருக்கும். அனுபவத்துக்கு அதைவிடப் பலமான சாட்சி எனக்குத் தெரியாது. இருபது பேர் வேலை செய்யும் இடத்தில் பி.எஃப்., பத்துப் பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. கையில் ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, பதிவேட்டில் பெயர் எழுதாத இடத்துக்கு, குறைவாகக் கொடுத்துப் பெயர் எழுதும் இடம் எவ்வளவோ மேல்.

இருபத்தேழு வயசாயிடுச்சு. இனிமே முடியுமாண்ணா?

பொதுப் பிரிவு என்றால் ரயில்வே அப்ரண்டிஸ் போய்விட்டது, உண்மை. அரியர், தனித்தேர்வு, பகுதி நேர பி.இ., பட்டறை வேலை எதுவும் போகவில்லை.

கருப்பூர் வகுப்பில் என் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு நாற்பத்தொரு வயது. அவர் மகளும் அந்த வருஷம் பிளஸ் டூ. கணக்குப் பாடம் அவருக்கு வரவே வராது. ஐந்து ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, மகளிடம் கேட்டு வந்த கணக்கை எனக்குச் சொல்லிக் கொடுப்பார். எனக்குப் பாக்கியிருந்த கடைசிச் சந்தேகங்கள் அங்கேதான் தீர்ந்தன. கடைசி செமஸ்டர் முடிவு வந்த அன்று அவர் முதலில் போன் செய்தது மகளுக்கு.

நோட்டை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மார்க் ஷீட் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், ஃபெயிலானதையும் சேர்த்து.